ஜீப் கண்ணாடிக்குத் தண்ணீர் வருகிறதா?

கொல்லிமலையில் விளையும் அன்னாசியும் மிளகும் வாழைத்தாரும் அடிவாரத்தை அடைய 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அதற்கு முன்பே தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரையுள்ள மண் பாதையைத் தாண்டியாக வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்தில் காப்பியும் மலை வாழையும் பயிரிடுவோருக்கும் இதே நிலைதான். போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் தொழிலாளர்களும் அப்படியே. இவர்கள் எல்லோரும் நம்பியிருப்பது ஜீப்பைத்தான்.

ஜீப்பை வாடகைக்கு அமர்த்தும் விவசாயி எதையெல்லாம் பார்க்கிறார்? வாடகை எவ்வளவு, எத்தனை மூட்டை ஏறும், டயர் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று கேட்கிறார். நல்லதுதான். ஆனால் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் வாஷர் வேலை செய்கிறதா என்று கேட்பவர் அரிது. வாஷர் என்றதும் பம்புசெட்டில் போடும் வளையம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இது வேறு. ஓட்டுநர் ஸ்விட்சை அழுத்தியதும் கண்ணாடி மீது தண்ணீரைப் பீய்ச்சும் சிறு அமைப்பு இது. அது கெட்டுப் போனால் வண்டி நின்றுவிடாது. அதனால்தான் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

மழை விட்ட காலை நேரத்தில் மண் பாதையில் வரும் ஜீப்பின் மீது எதிரே வரும் லாரி சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போகிறது. கண்ணாடி முழுவதும் சேறு. ஓட்டுநர் வைப்பரைப் போடுகிறார். தண்ணீர் இல்லாமல் வைப்பர் ஓடினால் சேறு போகாது; மெழுகியது போலக் கண்ணாடி முழுவதும் பரவும். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் ஓடிவிடும். மூன்று விநாடி பாதை தெரியவில்லை என்றால் 33 மீட்டர் தூரம் வண்டி குருடாக ஓடியிருக்கிறது என்று பொருள். கொண்டை ஊசி வளைவில் அந்த 33 மீட்டருக்குள் சாலையே திரும்பிவிடுகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

“ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறோம், இறங்கி ஊற்றிக்கொள்வோம்” என்று ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. நிறுத்த இடம் உள்ள சமவெளிச் சாலைக்கு அது சரியாக இருக்கலாம். மலைச்சாலை வளைவில் பின்னால் பேருந்து வரும்போது எங்கே நிறுத்துவது? ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வெளியே நீட்டி ஓடும் வண்டியில் தண்ணீர் ஊற்றுவோரும் இருக்கிறார்கள். அந்த வண்டியில் மூட்டையோடு விவசாயியின் குடும்பமும் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இவ்வளவுக்கும் இந்த அமைப்பு கைத்தெளிப்பானை விடச் சிக்கலானதல்ல. ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார் பம்பு, ஒரு ரப்பர் டியூப், கண்ணாடிக்குக் கீழே ஒன்றோ இரண்டோ நாசில்கள். சில வண்டிகளில் தண்ணீர் தொட்டிக்கே திரும்பிவிடாமல் தடுக்க டியூபின் நடுவே ஒருவழி வால்வும் உண்டு. பயிருக்கு மருந்து தெளித்துப் பழகிய கை, இதையும் அரை மணி நேரத்தில் பழுது பார்த்துவிடும்.

முதலில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, ஸ்விட்சை அழுத்திக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ‘ஊம்’ என்ற சத்தம் வந்தால் மோட்டார் ஓடுகிறது. கோளாறு தண்ணீர்ப் பாதையில் உள்ளது. சத்தமே இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் மின் இணைப்பில் இருக்கும். பாதி வேலை இந்த ஒரு சோதனையிலேயே முடிந்துவிடுகிறது.

சத்தம் வந்தும் தண்ணீர் வராவிட்டால், நாசிலில் மாட்டியிருக்கும் டியூபைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்விட்சை அழுத்த வேண்டும். டியூபில் தண்ணீர் பாய்ந்தால் அடைப்பு நாசிலில்தான். போர் தண்ணீரின் உப்புப் படிவு சொட்டுநீர்க் குழாயின் துளைகளை எப்படி அடைக்கிறதோ, அதேபோல இந்த ஊசித் துளையையும் அடைக்கிறது. நாசிலைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ சில மணி நேரம் ஊறவைத்தால் படிவு இளகும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகக் காற்றடித்தால் அடைத்திருக்கும் தூசி வந்த வழியே வெளியேறும். தடித்த ஆணியால் குத்தினால் துளை பெரிதாகித் தண்ணீர் பீய்ச்சாமல் வழியும். மெல்லிய ஊசியால் மெதுவாகச் செய்தால் போதும்.

டியூபிலும் தண்ணீர் வராவிட்டால் தொட்டியிலிருந்து நாசில் வரை டியூபைத் தடவிப் பார்க்க வேண்டும். எஞ்சின் சூட்டில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கலாம். பானெட் கீல் அருகே மடங்கி நசுங்கியிருக்கலாம். வண்டி பத்து நாள் ஓடாமல் நின்றிருந்தால் எலி கடித்திருக்கவும் கூடும். முனையில் மட்டும் வெடிப்பு இருந்தால் ஒரு விரற்கடை நறுக்கிவிட்டு மறுபடி மாட்டலாம். நடுவில் வெடித்திருந்தால் அதே துளை அளவுள்ள புது டியூப் போடுவதே மேல். டியூப் நன்றாக இருந்தால் தொட்டியைக் கழற்றி அடியில் தங்கிய பாசியையும் வண்டலையும் கழுவ வேண்டும். பம்பின் வாயில் சிறு வலை இருந்தால் அதையும் சுத்தம் செய்ய வேண்டும். தொட்டியில் பம்பு பொருந்தும் இடத்திலுள்ள ரப்பர் புஷ் காய்ந்திருந்தால் ஊற்றிய தண்ணீர் ஒரே இரவில் ஒழுகிப் போய்விடும்.

மோட்டார் சத்தமே வராவிட்டால் முதலில் பியூஸ், அடுத்து பம்பின் இணைப்பு முனைகள், அதன்பின் எர்த் ஒயர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சேறும் தண்ணீரும் படும் இடமாதலால் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்தாலே பல பம்புகள் உயிர் பெற்றுவிடுகின்றன. பியூஸ் போய்விட்டால் அதே ஆம்பியர் பியூஸைத்தான் போட வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவது வண்டிக்கே தீ வைப்பதற்குச் சமம். தொட்டி காலியாக இருக்கும்போது ஸ்விட்சை விடாமல் அழுத்துவதும் கூடாது. தண்ணீரே அந்தப் பம்புக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தருகிறது. வறண்டு ஓடினால் கருகிவிடும்.

தொட்டியில் எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பதும் முக்கியம். துணியில் வடிகட்டிய மழைத் தண்ணீர் சிறந்தது. உப்புப் போர் தண்ணீரைத் தவிர்ப்பது நல்லது. சோப்புத்தூள் நுரைத்துப் படிந்து நாசிலை அடைக்கும். மண்ணெண்ணெய் கலந்தால் ரப்பர் கெடும். பூச்சிமருந்து வைத்திருந்த டப்பாவில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது எந்நாளும் கூடாது. அது ஓட்டுநரின் முகத்தில்தான் வந்து தெறிக்கும். உதிரிபாகக் கடையில் இதற்கென்றே விற்கும் கண்ணாடி கழுவும் திரவத்தை, அதன் மேல் குறித்துள்ள அளவில் கலப்பது நல்ல வழி. பிரிட்டனில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய திரவம் கலக்காமல் வெறும் தண்ணீரை ஊற்றிய வண்டிகளுக்கும் லெஜியனேர்ஸ் எனப்படும் நுரையீரல் காய்ச்சலுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. வெதுவெதுப்பான இடத்தில் நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரில் கிருமி வளர்வதே காரணம். ஆகவே தொட்டித் தண்ணீரை மாதக்கணக்கில் கிடக்க விடாமல், அவ்வப்போது கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

வாஷர் நன்றாக இருந்தும் வைப்பர் ரப்பர் காய்ந்து போயிருந்தால் பயனில்லை. வாரம் ஒரு முறை ஈரத் துணியால் ரப்பரைத் துடைத்து மணலை அகற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, புரட்டாசியிலேயே, பழைய ரப்பரை மாற்றிவிட வேண்டும். காய்ந்த தூசி மீது வைப்பரை ஓட்டுவது கண்ணாடியை உப்புத்தாளால் தேய்ப்பது போன்றது. அந்தக் கீறல்கள் பகலில் அவ்வளவாகத் தெரியாது. காலை வெயில் நேரே அடிக்கும்போதும், இரவில் எதிர் விளக்கு படும்போதும் கண்ணாடி முழுவதும் வெளிச்சமாகச் சிதறிப் பாதையை மறைக்கும். நாசிலும் குறி தவறாமல் இருக்க வேண்டும். வைப்பர் துடைக்கும் இடத்தின் மேல் பாதியில் தண்ணீர் விழுந்தால்தான் அது வழிந்து கண்ணாடி முழுவதையும் நனைக்கும்.

பழைய ஜீப்புகள் சிலவற்றில் இந்த அமைப்பே கிடையாது. அதற்காகச் சும்மா இருந்துவிட வேண்டியதில்லை. தொட்டி, பம்பு, டியூப், நாசில் எல்லாம் சேர்த்துத் தொகுப்பாகவே உதிரிபாகக் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு ஸ்விட்சும் பியூஸும் வைத்து மெக்கானிக் பொருத்திக் கொடுத்துவிடுவார். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் முன்கண்ணாடிக்குச் சரியாக இயங்கும் வைப்பர் தேவை என்று சொல்கின்றன. தண்ணீர் வராத இடத்தில் வைப்பர் இருந்தும் சேற்றுக்கு முன்னால் அது சரியாக இயங்குவது எப்படி?

“ஜீப் என்னுடையதல்லவே, வாடகை கொடுத்துப் போகிறவன் இதையெல்லாம் கேட்கலாமா?” என்று சிறு விவசாயி தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கம் தேவையற்றது. விதை வாங்கும்போது முளைப்புத் திறனைக் கேட்கிறார். உரம் வாங்கும்போது மூட்டையின் தையலைப் பார்க்கிறார். விளைச்சலையும் உயிரையும் ஒன்றாக ஏற்றிப் போகும் வண்டியில், “அண்ணே, ஒரு தடவை தண்ணீர் அடித்துக் காட்டுங்க” என்று கேட்பதில் என்ன குறைச்சல்? நல்ல ஓட்டுநர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மொத்தமாக வண்டி அமர்த்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், பிரேக், விளக்கு ஆகியவற்றோடு வாஷரையும் வாடகை நிபந்தனையில் சேர்க்கலாம். ஒருவர் கேட்டால் தொல்லை என்பார்கள். ஊரே கேட்டால் அது வழக்கமாகிவிடும்.

மூட்டை ஏற்றும் முன் அரை நிமிடம் செலவிட்டு இதைப் பார்த்துக்கொண்டால், அன்னாசியும் சந்தைக்குப் போய்ச் சேரும். அதை விளைவித்தவரும் வீட்டுக்குத் திரும்பி வருவார்.