கடலுக்கு எட்டாத ஊரில் சுஷி

நம் குழந்தைகள் இக்காலத்தில் விரும்பிக் கேட்கும் பதார்த்தங்களின் பெயர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புதுமையாகவே இருக்கின்றன. 'சுஷி' என்னும் ஜப்பானிய உணவு அவற்றுள் ஒன்று. கைப்பேசியில் அதைக் கண்டு ஆசைப்படும் பிள்ளைகளிடம், "அது நமக்குக் கட்டுப்படியாகாது, மேலும் பச்சை மீனை யார் தின்பது?" என்று தாய்மார் சொல்லிவிடுகின்றனர். இவ்விரு தடைகளுள் முதலாவதற்கு ஆதாரமில்லை. இரண்டாவதோ முற்றிலும் நியாயமானது. பச்சை மீனும் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். ஆயினும் சுஷி உண்ணலாம் என்பதை விளக்குவதே இம்மாதம் நம் நோக்கம்.

சுஷி என்றால் பச்சை மீன் என்று பலரும் கருதுகின்றனர். அது சரியன்று. புளிப்பைக் குறிக்கும் பழைய ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆதியில், உப்பிட்ட மீனைச் சோற்றினுள் புதைத்துப் பல மாதம் அழுத்தி வைப்பார்கள். சோறு புளித்து மீனைக் கெடாமல் காக்கும். பின்னர் சோற்றை ஒதுக்கிவிட்டு மீனை மட்டும் உண்பார்கள். பீவா ஏரிக்கரையில் இம்முறை இன்றும் வழங்குகிறது. காலப்போக்கில், சோறு புளிக்கும்வரை காத்திராமல் அதில் காடியைக் கலக்கும் வழக்கம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரத்தில், கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் துண்டை வைத்துத் தெருக்கடைகளில் விற்றனர். அது உழைப்பாளிகள் நின்றபடியே உண்டு சென்ற சிற்றுணவு, சீமான்களின் விருந்தன்று.

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோ கடற்கரை நகரமன்று. நம் அயிலைக்கு, அதாவது கானாங்கெளுத்திக்கு, உறவான 'சபா' என்னும் மீனை வடக்கே வாக்காசாக் கடற்கரையில் உப்பிட்டு, மலைவழியே சுமார் 70 கிலோமீட்டர் சுமந்து வருவார்கள். அவ்வழிக்கு 'சபா கைடோ' என்றே பெயர். அந்த மீனின் சாலை என்பது பொருள். வந்து சேர்ந்த உப்பு மீனைக் காடியில் ஊறவைத்து, சோற்றின்மேல் அழுத்தித் திருவிழா நாட்களில் உண்டனர்.

வாளையாரில் வாழும் நமக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது. பொன்னானிக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே, பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் நாம் இருக்கிறோம். இங்கு வரும் அயிலையும் மத்தியும் பனிக்கட்டியோடு பயணம் செய்தே வருகின்றன. ஆகவே பச்சை மீன் சுஷியைக் காட்டிலும், கியோட்டோ மக்களின் அழுத்திய சுஷியே நமக்கு ஏற்ற முன்மாதிரி.

சுஷிக்கு உயிர் சோறேயாகும். ஜப்பானிய அரிசி குறுமணி. வெந்தபின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அது இங்கே அதிக விலைக்கு விற்கிறது. பாலக்காட்டு மட்டை அரிசி புகழ்பெற்றதே எனினும், புழுங்கலரிசியாதலால் பருக்கை பருக்கையாக நிற்கும். இட்லி அரிசிக்கும் இதே குறை உண்டு. நாம் நாடவேண்டியது புதிய பச்சரிசியை. பொங்கல் பானைக்குப் புத்தரிசி இடுகிறோமே, அது நன்றாகக் குழைந்து ஒட்டும் என்பதை அறியாதவர் யார்? சாப்பாட்டுக்குப் பழைய அரிசியையே பலரும் விரும்புவதால், கடையில் புதிது மலிவாகவே கிடைக்கும். நம் வழக்கத்தில் குறையாக எண்ணப்படுவது இங்கே குணமாகிறது.

ஜப்பானியர் அரிசி அளக்கும் 'கோ' என்பது 180 மில்லிலிட்டர். நம் ஆழாக்கு அதற்கு மிக அண்மையது. 2 ஆழாக்கு அரிசியை நீர் தெளியும்வரை கழுவி, அரைமணி நேரம் ஊறவைத்து வடித்து, 3 ஆழாக்கு நீரில் மூடி வேகவிடுக. அடுப்பை அணைத்தபின் 10 நிமிஷம் திறவாதிருத்தல் நலம். 3 மேசைக்கரண்டி வினிகர், 1½ மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கரைத்து, தாம்பாளத்தில் பரப்பிய சூடான சோற்றின்மேல் தெளிக்கவும். அகப்பையால் பிசையாமல், வெட்டுவதுபோல் கிளறுக. ஒருவர் கிளற, மற்றொருவர் பனையோலை விசிறியால் வீசினால் சோறு பளபளப்புறும். இவ்வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

இனி மீனைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே கூறவேண்டியிருக்கிறது. கடல்மீனில் இருக்கக்கூடிய புழுக்கள் உப்பாலும் வினிகராலும் சாவதில்லை. பச்சையாகப் பரிமாறும் உணவகங்கள், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில் 7 நாட்கள் மீனை உறையவைப்பதுண்டு. வீட்டுக் குளிர்ப்பெட்டியை அதற்கு நம்பலாகாது. அணைக்கட்டிலும் குளத்திலும் பிடிபடும் நன்னீர் மீனைப் பச்சையாக உண்ணுதல் இன்னும் கேடானது. வடகிழக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் அவ்வழக்கத்தால் ஈரலில் ஒட்டுண்ணி தங்கி, பித்தநாளத்தில் புற்றுநோய் வரையில் கொண்டுபோய் விடுகிறது. எனவே மீனை வேகவைத்தே பயன்படுத்துக.

வேகவைத்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ணற்க. அயிலை, மத்தி, சூரை ஆகியவை பனிக்கட்டியின்றி வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் பொருள் அவற்றில் பெருகும். எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது; முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி ஆகியவற்றை உண்டாக்கும். பனிக்கட்டி உருகிப்போன பெட்டியிலிருந்து மலிவென்று வாங்குவது சிக்கனமாகாது.

நல்ல அயிலையை முள் நீக்கி, உப்புத் தடவிச் சிறிது நேரம் வைத்து, இட்லிப் பானையில் நன்றாக வேகவிட்டு, ஆறியபின் சிறிது வினிகர் தெளிக்கவும். சாப்பாட்டு டப்பாவினுள் வாட்டிய வாழையிலையை விரித்து, கீழே மீனும் மேலே சோறுமாக வைத்து இலையை மூடி, அரைமணி நேரம் பாரம் ஏற்றுக. கவிழ்த்து எடுத்து, நனைத்த கத்தியால் வில்லைகளாக நறுக்கலாம். கடற்பாசித் தாள் இல்லையே என்று வருந்த வேண்டாம். ஜப்பானில் நாரா பகுதியினர் மர இலையில் சுற்றியே சுஷி செய்கின்றனர். சைவ உணவினர் வெள்ளரி, காரட், மாங்காய் ஆகியவற்றை வைக்கலாம். குழாய்களில் வரும் 'வசாபி' பெரும்பாலும் வேறொரு கிழங்கும் கடுகும் சேர்ந்ததே. குளிர்ந்த நீரில் அரைத்து 10 நிமிஷம் வைத்த கடுகும் அதே உறைப்பைத் தரும். செய்த சுஷியை இரண்டொரு மணி நேரத்துக்குள் உண்டுவிடுதல் வேண்டும்.

"இதெல்லாம் உண்மையான சுஷி ஆகுமா?" என்று சிலர் வினவக்கூடும். கடைகளில் பகட்டாக விளங்கும் சால்மன் சுஷியே, 1980களின் நடுவில் நார்வே நாடு செய்த முயற்சியால்தான் ஜப்பானில் பரவியது. அதற்கு முன்பே, 1960களிலும் 1970களிலும், வட அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியச் சமையற்காரர்கள் அங்கே கிடைத்த வெண்ணெய்ப்பழத்தையும் நண்டையும் வைத்துச் சுஷி சுருட்டினார்கள். அதே வெண்ணெய்ப்பழம் நமக்கு அண்மையில், கீழ்ப்பழனி மலையிலும் வயநாட்டிலும் விளைகிறது. ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், வந்த இடத்தில் கிடைப்பதைக் கொண்டு தம் சுவையைக் காத்துக்கொள்வது உலக இயல்பு. எல்லைப்புறத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதை நாம் கற்பிக்க வேண்டுவதில்லை.

பிள்ளைகள் கேட்டதைப் பணமில்லை என்று மறுப்பது பெற்றோர்க்கு மனவருத்தம். தகுதிக்கு மீறிச் செலவிடுவதோ குடும்பத்துக்குத் தீங்கு. இரண்டுக்கும் இடையே ஒரு வழி, புத்தரிசியிலும் வாழையிலையிலும் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வில்லை கொடுங்கள். புளிச்சோற்றின் அருமையை அவர்களே நன்கறிவார்கள்.