ரெண்டு மூடி சேர்த்து ஊத்துங்க!

2018 நவம்பர் 16. கஜா புயல் ஒரே ராத்திரியில் புதுக்கோட்டை மாவட்டத்துத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது நினைவிருக்கும். வல்லத்திராக்கோட்டையில் எனக்குச் சித்தப்பா முறை ஒருத்தர். விழுந்த மரத்தை அறுக்க ஆள் கிடைக்காமல், கடன் வாங்கி மரம் அறுக்கும் மெஷின் வாங்கினார். நாலாம் நாள் கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

"என்ன ஆயில் ஊத்துனீங்க சித்தப்பா?"

"கடைக்காரத் தம்பி சொன்னதுதாம்ப்பா. புது இன்ஜின், கெட்டி ஆயிலா ரெண்டு மூடி சேர்த்து ஊத்துங்கன்னுச்சு."

கெட்டி ஆயில் என்றால், பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40! அதை ஊற்றி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறார்.

சித்தப்பாவைக் குறை சொல்லாதீர்கள். 1980-ல் டிவிஎஸ் 50 வந்த காலத்திலிருந்து 'ஆயில் கூட இருந்தா இன்ஜினுக்கு நல்லது' என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம்.

நல்லதில்லை சார். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் தனியாகத் தேங்கி நிற்பதில்லை. பெட்ரோலோடு கலந்து உள்ளே போய், பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் பசை கொடுத்துவிட்டு எரிந்துபோகிறது. பைக் ஆயில் எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அது பிளக்கில் படியும், ரிங்கை ஒட்டவைக்கும்.

சரியான டூ-டி ஆயிலே ஆனாலும் அளவு மீறினால் கரி கட்டி சைலன்சர் அடைக்கும். அது மட்டுமா? கலவையில் ஆயில் கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. இன்ஜின் இன்னும் சூடாகிறது. காப்பாற்ற ஊற்றியதே காலை வாருகிறது.

அப்போ என்னதான் ஊற்றுவது? டப்பாவில் 'ஜாசோ எஃப்சி' அல்லது 'எஃப்டி' என்று இருக்கிறதா பாருங்கள். காற்றில் குளிரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான தரம் அது. படகு இன்ஜினுக்கான 'டிசி-டபிள்யூ3' வேறு ரகம், வேண்டாம். அளவு, மெஷினோடு வரும் புத்தகம் சொல்வது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. மூடியால் அளக்காதீர்கள், மருந்து அளக்கும் சிரிஞ்சு போதும்.

மினரலா, சிந்தெடிக்கா என்ற பட்டிமன்றமும் வேண்டாம். புத்தகம் சொல்லும் தரம் இருந்தால் சரி. புது ரிங் போரோடு பழகுவது ஆயில் விலையைவிட நீங்கள் ஓட்டும் விதத்தில்தான் இருக்கிறது. முதல் சில டேங்க், சும்மா நிற்கும்போது முறுக்காதீர்கள். தொடர்ந்து முழு வேகம் வேண்டாம். நடுநடுவே ஆறவிடுங்கள்.

இவ்வளவுதான் விஷயம். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பிறகு ஏன் சித்தப்பாவுக்குத் தெரியவில்லை?

அவர் கையில் கொடுத்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது! விலைப்பட்டியலும் விளம்பரமும் தமிழில் அடிக்கத் தெரிகிறது. இன்ஜினைக் காப்பாற்றும் ஒரு பக்கத்தை மட்டும் அடிக்க முடியாதா? கேட்டால், "தப்பான ஆயில் ஊத்திட்டீங்க, வாரண்டி கிடையாது." சொல்லாதது அவர்கள், தண்டம் கட்டுவது நாமா?

புல் வெட்டும் மெஷினுக்கெல்லாம் வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. நம் வரிப்பணம். ஒரே ஒரு நிபந்தனை போடட்டும்: டேங்க் மூடியின் மேல் என்ன ஆயில், லிட்டருக்கு எத்தனை மில்லி என்று தமிழில் இல்லையென்றால் அந்த மெஷினுக்கு மானியம் இல்லை. ஒரு ஸ்டிக்கர் என்ன விலை இருக்கும்?

அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். "லிட்டருக்கு எத்தனை மில்லி? பில்லுக்குப் பின்னாடி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வாயால் ரெண்டு மூடி சொல்கிறவர், கையெழுத்து என்றதும் புத்தகத்தைப் புரட்டுவார்!