பூநாரையைக் காண ஆப்பிரிக்கா போகவேண்டுமா?

‘குறைந்த செலவில் ஆப்பிரிக்க வனவுலா! பூநாரைக் கூட்டங்களைக் கண்டு களியுங்கள்!’ என்று கூவும் விளம்பரங்கள் இந்நாளில் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசிக்கு அடிக்கடி வருகின்றன. குழந்தைகள் படத்தைக் காட்டி ஆசையோடு கேட்கிறார்கள். பெற்றோர் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். விமானக் கட்டணம், நுழைவு அனுமதி, டாலர் கணக்கில் செலுத்தவேண்டிய பூங்காக் கட்டணம், வாகன வாடகை ஆகிய யாவையும் கூட்டிப் பார்த்தால், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது எட்டாக் கனியே. ஆகவே, இம்மாதப் பகுதியில் அந்த ஏரியைப் பற்றிச் சிறிது கூறி, திருவனந்தபுரத்தில் வாழும் நாம் அதே இன்பத்தை எங்கே, எவ்வளவு எளிதில் பெறலாம் என்பதையும் எழுத விரும்புகிறேன்.

விளம்பரங்களில் பெரிதும் பேசப்படுவது கென்யா நாட்டின் நகுரு ஏரி. நைரோபி நகருக்கு வடமேற்கே, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில் அமைந்த உவர்நீர் ஏரி அது. அந்நீரில் செழித்து வளரும் ஒருவகை நுண்ணிய பாசியே சிறு பூநாரைகளின் உணவு. தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்துப் பாசியை உண்ணும் அப்பறவைகளுக்கு இளஞ்சிவப்பு நிறம் ஏறுவதும் அவ்வுணவினாலேதான். கரை முழுவதும் செம்பட்டு விரித்தாற்போல் அவை நின்ற காட்சியினால் நகுரு உலகப் புகழ் பெற்றது. 1968இல் அது தேசியப் பூங்காவாயிற்று. காண்டாமிருகமும் ஒட்டைச்சிவிங்கியும் அங்கே உண்டு.

இரயில்வேயில் பணிபுரிகிறவனுக்கு அவ்வூர் பற்றி வேறொரு நினைவும் எழுகிறது. மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரையில் 1896 முதல் 1901 வரை இடப்பட்ட இருப்புப் பாதை நகுரு வழியாகத்தான் சென்றது. அவ்வேலைக்காக இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் பஞ்சாபியர். ஏறத்தாழ 2,500 பேர் நோயினாலும் விபத்தினாலும் கொடிய விலங்குகளாலும் அங்கேயே மாண்டார்கள். இன்று உல்லாசப் பயணிகள் செல்லும் நாட்டுக்கு முதலில் வழி திறந்தவர்கள், பிழைப்புத் தேடிப் போன நம் நாட்டு ஏழைகளே.

இன்னொன்றும் விளம்பரங்கள் சொல்வதில்லை. 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் நகுரு ஏரியில் நீர்மட்டம் மிகவும் உயர்ந்துவிட்டது. நீர் பெருகவே உவர்ப்புக் குறைந்தது. உவர்ப்புக் குறையவே பாசி அருகிற்று. பூநாரைகளில் பெரும்பகுதி பொகோரியா முதலிய வேறு ஏரிகளை நாடிச் சென்றுவிட்டன. எனவே, இலட்சக்கணக்கில் பணம் செலவிட்டுப் போகிறவர்களுக்கும் பழைய காட்சி கிடைக்குமென்று உறுதி சொல்வதற்கில்லை. பறவைகள் நீரையும் இரையையும் பின்பற்றிச் செல்பவை. நம் பயணத் தேதியை அவை அறியா.

இனி, நம் ஊருக்கு வருவோம். நான் கூறப்போவன மூன்று இடங்கள்: ஒன்று நகரப் பேருந்தில் போய்வரக்கூடியது, ஒன்று ஒரு நாள் இரயில் பயணம், மற்றொன்று ஊருக்குப் போகும் வழியில் இறங்கிப் பார்க்கவேண்டியது.

முதலாவது, வெள்ளாயணிக் காயல். நகருக்குத் தெற்கே, வேளாண்மைக் கல்லூரிக்கு அருகில் உள்ள நன்னீர் ஏரி. அதனை அடுத்த புஞ்சக்கரி வயல்களுக்கு விடியற்காலையில் சென்றால் இரண்டு மணி நேரத்தில் பலவகைப் பறவைகளைக் காணலாம். தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி, நாணலுக்குள் ஒளியும் நீலத் தாழைக்கோழி, நத்தை தேடும் நத்தைகுத்தி நாரை, சீழ்க்கையடித்துப் பறக்கும் சீழ்க்கைச் சிறகி, கழுத்து மட்டும் நீருக்கு மேலே பாம்புபோல் தெரியும் பாம்புத்தாரா ஆகியவை அங்கே உண்டு. இக்காயலும் முன்னிருந்த பரப்பில் இன்று இல்லை. கரையை மண்ணிட்டு நிரப்பியதனாலும் நீர்க்களைகளாலும் குறுகி வருகிறது. பார்க்க நினைப்பவர்கள் ஒத்திப்போட வேண்டாம்.

இரண்டாவது, சுசீந்திரம், தேரூர்க் குளங்கள். காலை வண்டியில் நாகர்கோவிலில் இறங்கினால் அங்கிருந்து கன்னியாகுமரிச் சாலையில் சில கிலோமீட்டர் தொலைவுதான். குளக்கரையில் நின்றே பறவைகளைப் பார்க்கலாம். தாணுமாலயப் பெருமாளைத் தரிசித்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். நால்வர் அடங்கிய குடும்பம் சாதாரண வகுப்பில் போய்வருவதற்கு ஆகும் செலவு, ஓர் உணவு விடுதியில் ஒருவேளை உண்பதற்கு ஆகும் செலவைவிட மிகாது. தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர் என்பதும், அவர் நம் திருவனந்தபுரத்து மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பதும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கவை.

இவ்விடத்தில் சத்திமுத்தப் புலவரை நினையாதிருக்க இயலவில்லை. வறுமையினால் மனைவியைப் பிரிந்து மதுரைக்குப் போன அப்புலவர், குமரியில் நீராடி வடக்கே திரும்பும் செங்கால் நாரையிடம் தம் நிலையைச் சொல்லியனுப்பினார். பறவைகள் பருவந்தோறும் தென்கோடி வரை வந்து மீளும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தமைக்கு அச்செய்யுள் சான்று. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களின் மனநிலைக்கும் அதுவே சான்று. அந்நாரைகள் வந்த குமரி நாட்டு நீர்நிலைகளை நம் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டாமா?

மூன்றாவதே இவற்றுள் தலையாயது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. திருநெல்வேலியிலிருந்து 38 கிலோமீட்டர். அங்குள்ள கூந்தன்குளம், காடன்குளம் என்னும் இரு பாசனக் குளங்களும் சேர்ந்து சுமார் 129 ஹெக்டேர் பரப்பு. 1994இல் அரசாங்கம் இதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் செய்யப்பட்ட ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் இது சேர்க்கப்பட்ட செய்தி 2022இல் வெளியாயிற்று. சுசீந்திரம், தேரூர்க் குளங்களும் அதே ஆண்டில் அப்பட்டியலில் இடம்பெற்றன. நகுரு ஏரியும் அதே பட்டியலில் உள்ளதுதான். ஆகவே, தகுதியில் நம் குளங்கள் தாழ்ந்தவை அல்ல.

வடகிழக்குப் பருவமழையினாலும் மணிமுத்தாறு அணைநீரினாலும் குளம் நிறைந்த பிறகு, மார்கழி வாக்கில் பறவைகள் வரத் தொடங்குகின்றன. மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலியவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இமயத்தைக் கடந்து, திபெத்து, மங்கோலியா முதலிய நாடுகளிலிருந்து வரித்தலை வாத்து வருகிறது. விளம்பரத்தில் கண்ட பூநாரையும், நீர்மட்டம் தாழ்ந்து சேறு வெளிப்படும் காலத்தில் இங்கே வந்து நிற்பதுண்டு. இது நகுருவின் சிறு பூநாரையிலும் உயரமான பெரும் பூநாரை.

கூந்தன்குளத்தின் சிறப்பு பறவைகளோடு முடிவதில்லை. அவை குளத்து மரங்களில் மட்டுமன்றி, ஊருக்குள்ளே, வீட்டு வாசலில் நிற்கும் வேம்பிலும் கூடு கட்டுகின்றன. கீழே மனிதர் உண்டு உறங்குகிறார்கள். மேலே நாரை குஞ்சு வளர்க்கிறது. இரவெல்லாம் கூச்சல், கூரையெங்கும் எச்சம், வெயில் ஏறினால் மீன் நாற்றம். நம்மில் எத்தனை பேர் இதைப் பொறுப்போம்? அவ்வூர் மக்கள் பொறுக்கிறார்கள். பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடும் வழக்கமும் அங்குண்டு. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளைப் போலப் பறவைகளை அவர்கள் பேணுகிறார்கள் என்றால் மிகையாகாது. பறவைகளும் வெறுங்கையோடு வருவதில்லை. எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு நல்ல உரம்.

மழை பொய்த்து, குளம் வறண்ட ஆண்டுகளில் இங்கே பறவைகள் குறைந்துவிடும். நகுருவில் நீர் மிகுந்து கெட்டது. இங்கே நீர் குறைந்தால் கெடும். அரசாங்க ஆணை ஒருபுறமிருக்க, இச்சரணாலயத்தை உண்மையில் தாங்கி நிற்பவை ஒரு பாசனக் குளமும் ஓர் ஏழைக் கிராமத்தின் பொறுமையுமே. போகிறவர்கள் அப்பொறுமையைச் சோதிக்காமல் திரும்பவேண்டும்.

போகும் வழி: நாகர்கோவில், திருநெல்வேலி இருப்புப் பாதை 1981இல் திறக்கப்பட்டது முதல் நம்மவர் பலர் ஊருக்குப் போவது அவ்வழியில்தான். ஆயினும் நாங்குநேரி நிலையத்தை உறக்கத்திலேயே கடந்துவிடுகிறோம். எல்லா விரைவு வண்டிகளும் அங்கே நில்லா. பாசஞ்சர் வண்டியில் வந்து நாங்குநேரியில் இறங்கி ஆட்டோவில் செல்லலாம். அல்லது திருநெல்வேலி சென்று மூலைக்கரைப்பட்டி மார்க்கமாகப் பேருந்தில் வரலாம். புறப்படுமுன் அவ்வாண்டு குளத்தில் நீர் உண்டா என்பதை வனத்துறை அலுவலகத்திலோ உறவினர் மூலமாகவோ விசாரித்துக்கொள்வது நலம்.

காலம்: தை முதல் சித்திரை வரை. பொங்கலுக்குத் திருவனந்தபுரம் உள்ளிட்ட சில மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை விடப்படுவதால், பண்டிகைக்கு ஊர் செல்கிறவர்கள் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். கோடை விடுமுறையின் தொடக்கத்தில் போனால் வளர்ந்த குஞ்சுகளைக் காணலாம். காலை ஆறு முதல் ஒன்பது வரையும், மாலை நான்குக்குப் பிறகும் ஏற்ற வேளை.

கொண்டுபோகவேண்டியவை: கட்டுச்சோறு, தண்ணீர், தொப்பி, கிடைத்தால் ஒரு தொலைநோக்கி. பளிச்சென்ற நிறத்து உடை வேண்டாம். கூச்சலிடுவதும் கல்லெறிவதும் கூடுகளை நெருங்கிப் படமெடுப்பதும் கூடா. தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால் குஞ்சு வெயிலில் வாடும். நெகிழிப் பைகளை எடுத்துச் சென்றால் திரும்பக் கொண்டுவருக. ஊரார் வீட்டு முற்றத்தில் நின்று பார்ப்பதாயின், முதலில் அவ்வீட்டம்மாளிடம் கேட்டுக்கொள்க.

குழந்தைகளுக்கு ஒரு வேலை தரலாம். கண்ட பறவையின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். நாம் பாம்புத்தாரா என்பதை மலையாளிகள் சேரக்கோழி என்கிறார்கள். சேர என்றால் சாரைப்பாம்பு. நமது கரண்டிவாயன் அவர்களுக்குச் சட்டுகக் கொக்கன். இரு மொழியாரும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தானே விளங்கும். பள்ளியில் மலையாளம் படித்து வீட்டில் தமிழ் பேசும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. மலையாளம் அறிந்தவர்கள் இந்துசூடன் 1958இல் வெளியிட்ட ‘கேரளத்திலே பட்சிகள்’ என்னும் நூலையும், தமிழில் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணனின் கட்டுரைகளையும் தேடிப் படிப்பார்களாக.

வசதியுள்ள அன்பர்கள் ஆப்பிரிக்காவுக்கும் போய்வரட்டும், மகிழ்ச்சியே. ஆனால், நாங்குநேரியில் ஒருமுறை இறங்கிவிட்டுப் பிறகு போகட்டும்.