புதிய பதிப்பு அவசியந்தானா?

ஏரல் கடைத்தெருவில் பேரேடு இருந்த இடத்தில் பல கடைகளில் இன்று கணினி இருக்கிறது. சரக்கிருப்பு, வரவேண்டிய கடன், தரவேண்டிய கடன் யாவும் டேலி போன்ற ஒரு கணக்கு மென்பொருளுக்குள் அடங்கியுள்ளன. "பழைய பதிப்பு இனி உதவாது, புதியதற்கு மாறுங்கள் என்கிறார்கள். பல்லாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?" என்று வணிகச் சகோதரர் ஒருவர் வினவினார்.

திருமறையின் மிக நீண்ட வசனம் (அல்பகரா, 282) தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதாகும். தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்று அது பணிக்கிறது. எனவே கணக்கிற்காகச் செலவிடுவது வீண் விரயமன்று. கணக்கிற்கு உதவாத வசதிகளுக்குக் கொட்டுவதே விரயம்.

சட்டம் கேட்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பதிவில் செய்த திருத்தங்களின் தடம் அழியாதிருக்க வேண்டுமென்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது கம்பெனிகளுக்கு உரியது. தனி உரிமையாளர் கடைக்கும் சாதாரணக் கூட்டு வியாபாரத்திற்கும் பொருந்தாது. வணிகர்களுக்கு விற்கும்போது மின்னணு விலைப்பட்டியல் எழுப்பும் கட்டாயம், 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு உண்டு. நம் கடைத்தெருவில் அத்தொகையைத் தாண்டுவோர் எத்தனை பேர்? 2025 செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. அவற்றையும் பழைய பதிப்பிலேயே கையால் திருத்திக்கொள்ளலாம். ஆனால் உங்களுடையது 2017இல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்திய பதிப்பாயின் தயங்காமல் மாறுங்கள். நிரந்தர உரிமம் பெற்றவர் ஆண்டுச் சந்தாவை நிறுத்தினாலும் கையிலுள்ள டேலி நின்றுவிடாது. புதிய வெளியீடுகளும் சில இணைய வசதிகளுமே நிற்கும்.

திருட்டுப் பிரதியை ஏற்றிக்கொண்டு, "நானும் புதியதற்கு மாறிவிட்டேன்" என்று மகிழ்வோரும் உளர். பிறர் உழைப்பை விலை கொடாமல் எடுத்து, அதிலேயே ஜகாத் கணக்கும் பார்ப்பது என்ன நியாயமோ!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரை புரண்டு ஏரல் கடைகளுக்குள் புகுந்தது. மேசைக்கடியில் வைத்த கணினிப் பெட்டிக்குள் அவ்வெள்ளம் நுழைந்தால் பழைய பதிப்பென்ன, புதிய பதிப்பென்ன? நமக்கு வரவேண்டியது அழிந்தால் நட்டம் நம்மோடு போகும். நாம் தரவேண்டியது அழிந்தாலோ, பிறருடைய அமானத்து பாழாகிறது. ஆகவே முதற்செலவு கணக்கின் நகலுக்கு ஆகட்டும். சில நூறு ரூபாய்ப் பென்டிரைவ் இரண்டு வாங்குங்கள். ஒன்று வீட்டு மாடியில் இருக்கட்டும், மற்றொன்று வெளியூர் உறவினரிடம். மாதமொரு முறை வேறொரு கணினியில் அதைத் திறந்தும் பாருங்கள். திறவாத நகல் நகலன்று. பதிப்பு மாறுவோரும் முதலில் நகலெடுத்து வைக்க வேண்டும். புதியதற்கென மாற்றப்பட்ட கணக்கைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறப்பதில்லை.

ஜகாத்திற்காகப் புதியது வேண்டுமா என்றும் அச்சகோதரர் கேட்டார். ஜகாத் ஆண்டு பிறைக்கணக்கு. ஆங்கில ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. உங்கள் ஹிஜ்ரித் தேதிக்குரிய ஆங்கிலத் தேதியைக் குறித்துக்கொண்டு, அந்நாளின் சரக்கிருப்பைக் கேளுங்கள். பழைய பதிப்பே அதைக் காட்டும்.