அம்மா சும்மாதான் இருக்காங்க

போன மாசம் நம்ம தமிழ் மன்றம் நடத்துன பட்டிமன்றத்துக்கு வந்திருந்தீங்கன்னா உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்கும். தலைப்பு, 'இன்றைய சமூகத்துக்குப் பெண்ணியம் தேவையா?' நான் 'தேவையில்லை' அணி. கைதட்டல் நல்லாவே வந்துச்சு. இந்தக் கட்டுரை அந்தப் பேச்சுக்கு நானே எழுதுற மறுப்பு. (ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம், தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.)

அன்னைக்கு நான் பேசினது இதுதான். காலைல ஆம்பூர் பைபாஸ்ல நின்னு பாருங்க, ஷூ கம்பெனி பஸ் வரிசையா போகும், உள்ளே இருக்கிறது பெரும்பாலும் பெண்கள். 2019-20 தொழிற்சாலை ஆய்வுப்படி, இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் 100-க்கு சுமார் 43 பேர் தமிழ்நாட்டில்தான் இருக்காங்க. 2021-லிருந்து டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் 15-லிருந்து மாசம் 1000 ரூபாய் வேற. 'இதுக்கு மேல என்ன சமத்துவம் வேணும்?'னு கேட்டு முடிச்சேன்.

சொன்ன தகவல் எதுவும் பொய் இல்லை. ஆனா அதையெல்லாம் சொல்லிட்டு நான் வந்து சேர்ந்த முடிவு தப்பு. அது எனக்கு எங்கே உறைச்சதுன்னு சொல்றேன்.

அடுத்த வாரம் ஸ்காலர்ஷிப் ரினியூவல் ஃபார்ம் நிரப்பிட்டு இருந்தேன். 'தாயின் தொழில்' கட்டத்துல வழக்கம்போல 'இல்லத்தரசி'ன்னு போட்டேன். நாலு வருஷமா அதைத்தான் போடறேன். ஒரு சந்தேகம் கேட்க அம்மாவுக்கு போன் பண்ணா, "இருப்பா, கைல ஊசி கீது, ஸ்பீக்கர்ல போடறேன்"னாங்க.

எங்க ஏரியாக்காரங்களுக்கு இது புரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்காக விளக்கறேன். ஷூவோட மேல் பாகத்துக்கு அப்பர்னு பேரு. சில மாடல்கள்ல முன்பக்கத் தையலைக் கையாலதான் போடணும். கம்பெனியில வெட்டின தோல் ஏஜென்ட் கைக்கு வரும், அவர்கிட்ட இருந்து மூட்டையா வீடுகளுக்கு வரும். கூலி ஜோடிக் கணக்கு. எங்க வீட்டுக்கு வர்ற ரேட் ஜோடிக்கு இன்னும் பத்து ரூபாயைத் தொடலை. ஊசி நம்மளுது. தையல் கோணிப்போச்சுன்னா பிரிச்சு மறுபடி தைக்கணும், அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. நூலை இழுத்து இழுத்து அம்மாவோட சுண்டுவிரல் பக்கம் காய்ச்சுப் போயிருக்கு. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., சம்பளச் சீட்டு எதுவும் இல்லை.

"ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம்மா தைக்கிற?"ன்னு கேட்டேன்.

"யாரு கணக்கு பார்த்தா? வேலைக்குப் போறவங்கதான டைம் பார்க்கணும். நான் சும்மா வூட்லதான கீறேன்."

என் ஸ்கூல் ஃபீஸ்ல பாதி இந்தச் 'சும்மா'வுல வந்தது.

சமையல், தண்ணி, துணின்னு கூலியே இல்லாத வீட்டு வேலை இதுக்கு மேல தனி. 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வுல, அந்த வேலைகளைச் செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு சராசரி 299 நிமிஷம் அதுக்குச் செலவழிச்சாங்க. ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் செய்யுற ஆண்களோட சராசரி. அந்த ஆய்வுல வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் 100-க்கு 73 பேருக்கு மேல. நான் எந்தக் கூட்டத்துல இருக்கேன்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப அந்த கம்பெனி பஸ்ஸுக்கு வருவோம். அதுல எங்க அக்காவும் போறாங்க. ஐடி கார்டு, ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. பிளஸ் டூல என்னைவிட அதிக மார்க். ஆனா ஒருத்தரைத்தான் படிக்க வைக்க முடியும்கிற நிலைமை வந்தப்ப அந்த ஒருத்தர் யாருன்னு எங்க வீட்ல யாரும் விவாதிக்கவே இல்லை. அக்கா சம்பளத்துல ஒரு பங்கு என் செமஸ்டர் ஃபீஸுக்குப் போகுது, ஒரு பங்கு அவங்க கல்யாணத்துக்கான நகைச் சீட்டுக்கு. இந்த ரெண்டையும் முடிவு பண்ணது அக்கா இல்லை. எங்க அப்பா கொடுமைக்காரரும் இல்லை, ரொம்ப நல்ல மனுஷர். ஆணாதிக்கம்னா யாரோ பெல்ட்டை உருவுறதுன்னுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். யாரும் குரலைக்கூட உயர்த்தாம ஒரு முடிவு ஏற்கனவே எடுக்கப்பட்டிருக்கும் பாருங்க, அதுவும் அதுதான். பஸ்ல எத்தனை பெண்கள்னு எண்ணின நான், சம்பள நாள்ல அந்தக் காசு யார் சொல்படி போகுதுன்னு கேட்கலை.

இனி நம்ம அணி வச்ச மத்த ரெண்டு வாதம்.

'பெண்ணியம் மேற்கத்திய சரக்கு.' 1929-ல செங்கல்பட்டுல நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டிலேயே பெண்களுக்குச் சம சொத்துரிமை வேணும்னு தீர்மானம் போட்டாச்சு. இந்து கூட்டுக்குடும்பச் சொத்துல மகளுக்கும் பங்குன்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்தது 1989-ல, இந்தியா முழுக்க 2005-ல. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல 60 வருஷம். சரக்கு நம்மூர்துதான், டெலிவரிதான் லேட்டு.

'ஆண்களுக்குக் கஷ்டம் இல்லையா?' இருக்கு. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியோட சுவர் இடிஞ்சு, பக்கத்துல தூங்கிட்டு இருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனாங்க. இந்தத் தோல் தொழில் ஆண்களையும் தின்னுருக்கு. ஆனா அம்மாவோட ஆறு மணி நேரத்தை எண்ணாம விட்டா அவங்களுக்கு நியாயம் கிடைச்சிடுமா? உழைப்புக்கும் உயிருக்கும் மதிப்பு கேட்கிறவங்க ஒரே பக்கம்தான் நிக்கணும்.

அந்த 1000 ரூபாயை நான் ஏதோ தானம் மாதிரி மேடையில சொன்னேன். திட்டத்தோட பேரைப் பாருங்க, மகளிர் 'உரிமை'த் தொகை. உதவின்னு போடலை. வீட்டு வேலையும் உழைப்புன்னு ஒத்துக்கிட்ட பேரு அது. ஆனா வீட்டுல உட்கார்ந்து கம்பெனிக்கு உழைக்கிறவங்களைத் தொழிலாளின்னு ஒத்துக்கிறதுல இன்னும் தயக்கம். வீட்டிலிருந்து வேலை செய்யுறவங்களுக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆவது ஒப்பந்தம் 1996-ல வந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கலை.

மேல எழுதின ஆறு மணி நேரம் நான் அளந்தது. போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய் போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சேன். சமையலுக்கும் தண்ணி பிடிக்கவும் எழுந்து எழுந்து போய், பதினோரு துண்டா சேர்த்து, தையல் மட்டும் ஆறு மணி பத்து நிமிஷம். நானும் ஒரே ஒரு ஷூ தைச்சுப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. அம்மா வாங்கிப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லலை, பிரிச்சுட்டு மறுபடி தைச்சாங்க.

நீங்களும் அடுத்த லீவுல ஒரு நாள் அளந்து பாருங்க. உங்க வீட்ல ஷூ இல்லாம பீடியா இருக்கலாம், பூவா இருக்கலாம், வெறும் சமையலாவும் இருக்கலாம். அப்புறம் உங்க அக்கா தங்கச்சிகிட்ட அவங்க சம்பளத்துல அவங்களே முடிவு பண்ணி கடைசியா என்ன வாங்கினாங்கன்னு கேளுங்க. இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம பெண்ணியம் தேவையில்லைன்னு மேடை ஏறாதீங்க. நான் ஏறினேன்.

அந்த ஃபார்ம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 'ஷூ கைத்தையல் தொழிலாளி'ன்னு மாத்தி எடுத்துட்டுப் போனேன். அம்மா வருமானத்தைச் சேர்த்தாலும் நாங்க வரம்புக்குள்ளதான் வருவோம். கவுண்ட்டர்ல இருந்தவர் கோபமா எல்லாம் பேசலை. "இதுக்கு ப்ரூஃப் கேட்பாங்கப்பா, இருக்கா?"ன்னாரு. சீட்டு இல்லை, கார்டு இல்லை, கம்பெனி பேரே அம்மாவுக்குத் தெரியாது. மறுநாள் கடைசித் தேதி. புது ஃபார்ம் வாங்கி அங்கேயே நின்னு 'இல்லத்தரசி'ன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்.

அடுத்த பட்டிமன்றத்துல எதிரணியில எனக்கு ஒரு இடம் போட்டு வைங்க.