போபால் நினைவகத்தில் யார் பேச வேண்டும்?

போபால் யூனியன் கார்பைடு ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, விபத்து நடந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரியில்தான் அங்கிருந்து அகற்றப்பட்டது. பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு எரிக்கப்பட்டது. இதையடுத்து, ஆலை வளாகத்தில் நினைவகம் அமைப்பது குறித்த பேச்சு மீண்டும் எழுந்தது.

இத்திட்டம் புதியதன்று. 2005-இல் நடைபெற்ற வடிவமைப்புப் போட்டியில் தில்லி கட்டடக்கலை நிறுவனம் ஒன்று தேர்வு பெற்றது. இருபது ஆண்டுகள் கடந்தும் நினைவகம் எழவில்லை.

பாதிக்கப்பட்டோர் அதுவரை காத்திருக்கவில்லை. விபத்தின் 30-ஆம் ஆண்டான 2014-இல், கரோண்டு பகுதியில் ஒரு வீட்டிலேயே அருங்காட்சியகத்தைத் தொடங்கினர். அரசிடமோ பெருநிறுவனங்களிடமோ அவர்கள் நிதி பெறவில்லை. மாண்டவர்களின் உடைமைகளையும் புகைப்படங்களையும் குடும்பத்தினரே அளித்தனர். அங்குள்ள தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால், உயிர் தப்பியவர்கள் தம் சொந்தக் குரலில் பேசுவதைக் கேட்கலாம்.

இந்த ஏற்பாட்டின் அருமையை உணர, நாடாளுமன்றம் 1985-இல் இயற்றிய சட்டத்தை நினைவுகூர வேண்டும். போபால் மக்கள் சார்பில் இழப்பீடு கோரி வழக்காடும் உரிமையை அச்சட்டம் மத்திய அரசுக்கு மட்டுமே அளித்தது. 1989-இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு காணப்பட்டபோது, பாதிக்கப்பட்டோரின் கருத்து கேட்கப்படவில்லை. அத்தொகை போதாது என்று பின்னர் மத்திய அரசே சீராய்வு கோரியது. உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் அம்மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது.

அருங்காட்சியகம் நடுநிலையோடு அமைய வேண்டும், பாதிக்கப்பட்டோரிடம் ஒப்படைத்தால் ஒரு தரப்பின் வாதமாகிவிடும் என்று அதிகாரிகள் கூறக்கூடும். இதைப் புறந்தள்ள வேண்டியதில்லை. ஆனால் நடுநிலை என்பது சங்கடமான உண்மைகளை மறைப்பதாகாது. 1989 உடன்பாடு சுமார் 3,000 மரணங்களையே கணக்கில் கொண்டது. இழப்பீட்டு ஆணையர் அலுவலகம் பின்னர் ஏற்றுக்கொண்டது 5,295. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் கூறுவதோ இவற்றைவிடப் பன்மடங்கு. இந்த எண்கள் அனைத்தும், அவை எவ்வாறு வந்தன என்ற விளக்கத்துடன், ஒரே சுவரில் இடம்பெறட்டும்.

காரணங்களும் காட்சிக்கு வர வேண்டும். ஆலையின் ஆபத்து குறித்துப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982-லிருந்தே எழுதி எச்சரித்தார். மெதில் ஐசோசயனேட் தொட்டிகளைக் குளிர்விக்கும் இயந்திரம் 1984 ஜூனிலேயே நிறுத்தப்பட்டது. இவற்றைச் சொல்லாமல் சாவுகளை மட்டும் காட்டினால், மனிதர் செய்த தவறு இயற்கைப் பேரிடர்போல் தோன்றிவிடும்.

மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்த நஞ்சு இன்னும் முழுமையாக அகலவில்லை. அதை அகற்றாமல் அதன்மேல் புல்வெளியும் நீரூற்றும் அமைப்பது நினைவகமாகாது. தூய்மைப்பணியே முதற்பணி. அடுத்து, காட்சிகளை வடிவமைக்கும் குழுவில் பாதிக்கப்பட்டோருக்குப் பெயரளவிலான ஆலோசகர் பதவியன்று, முடிவெடுக்கும் அதிகாரமே வழங்கப்பட வேண்டும்.

நீதிமன்றத்தில் தமக்காகத் தாமே பேசும் வாய்ப்பு அம்மக்களுக்கு 1985-இல் பறிபோனது. அவர்களுடைய துயரத்தின் பெயரால் எழும் கட்டடத்திலும் அரசே பேசிக்கொண்டிருக்கலாகாது.