பாதி விலையில் இசை நாடகம்

மகள் வீட்டிற்கோ மகன் வீட்டிற்கோ சென்று ஆறு திங்கள் தங்கிவர அமெரிக்கா புறப்படும் நம் சங்கத்துப் பெரியோர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எப்பொருளைக் கண்டாலும் விலையை ரூபாயாக்கிப் பார்ப்பர். பார்த்ததும் அப்பொருளை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவர். கத்தரிக்காய்க்கு இக்கணக்குப் பொருந்தலாம். நியூயார்க் நகரத்துப் பிராட்வே இசை நாடகத்திற்கும் இதே கணக்கைப் போட்டு, நூறு டாலருக்கு மேல் என்று கேட்ட அளவிலேயே, "அது நமக்கு ஏற்பட்டதன்று" என்று வீட்டோடு இருந்துவிடுகின்றனர். நியூஜெர்சியின் எடிசனிலிருந்து அந்நகருக்கு ரயிலில் செல்வது, முலுண்டிலிருந்து கோட்டைப் பகுதிக்குச் செல்வது போன்ற பயணமே. அவ்வளவு அண்மையில் ஆடலும் பாடலும் நிகழ்ந்துகொண்டிருக்க, ஆறு மாதமும் சன்னல் வழியே பனியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது பரிதாபம் என்றே சொல்லவேண்டும்.

நாடகச் சீட்டு அரிசி மூட்டையைப் போன்றதன்று. இன்று விற்காத அரிசியை நாளை விற்கலாம். திரை உயர்ந்தபின் காலியாயிருக்கும் நாற்காலியோ அன்றைக்கு ஒரு காசும் பெறாது. ஆயினும் நடிகர்க்கும் வாத்தியக்காரர்க்கும் கொடுக்கும் ஊதியம் குறைவதில்லை. இதை நன்குணர்ந்து, நாடக வளர்ச்சிக்கென 1968இல் நிறுவப்பெற்ற லாப நோக்கமற்ற அமைப்பொன்று, 1973ஆம் ஆண்டு ஜூன் மாதம் டைம்ஸ் சதுக்கத்தின் வடகோடியில் ஒரு சாவடியைத் திறந்தது. டி.கே.டி.எஸ். என்பது அதன் பெயர். எஞ்சிய சீட்டுகளைப் பாதி விலை வரை குறைத்து, சீட்டுக்கு ஒரு சிறு கட்டணம் சேர்த்து அங்கு விற்கின்றனர். லண்டன் மாநகரிலும் 1980இல் லெஸ்டர் சதுக்கத்தில் இத்தகைய சாவடி ஏற்பட்டது. நியூயார்க்கில் 2008 முதல் அகன்ற சிவப்புப் படிக்கட்டு ஒன்றின் கீழே சாவடி இயங்குகிறது. ஆகவே வழி தவற இடமில்லை.

அங்கே ஒரு பலகையில் நாடகங்களின் பெயர்களும் கழிவும் காணப்படும். அப்பட்டியலைக் கைபேசியிலும் பார்க்கலாமாதலின், பேரப்பிள்ளையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்படுதல் நன்று. ஊரெல்லாம் பேசும் நாடகங்கள் அதில் தோன்றுவது அரிது. அதனால் அங்குக் கிடைப்பவை சோடை என்று எண்ணிவிடலாகாது. 1996 முதல் நடந்துவரும் 'சிகாகோ' பன்முறை அப்பலகையில் இடம்பெற்றதுண்டு.

குலுக்கல் முறையும் ஒன்று உண்டு. அதன் வரலாறு சற்றே மனத்தை உருக்குவது. 'ரெண்ட்' என்னும் இசை நாடகத்தை ஆக்கிய ஜோனதன் லார்சன், மக்கள் முன் அதன் முதல் ஆட்டம் நடைபெறுமுன்பே 1996 சனவரியில் தமது 35ஆம் வயதில் காலமானார். வாடகை கொடுக்க வழியற்ற இளங்கலைஞர்களின் கதை அது. அத்தகையோரும் பார்க்கவேண்டுமென்று, நாடகம் பிராட்வேக்கு வந்தபோது முன்னிரண்டு வரிசைகளை 20 டாலருக்கு அளித்தனர். இளைஞர் இரவெல்லாம் நடைபாதையில் படுத்துக் காத்திருந்தனர். அத்தொல்லையைத் தீர்க்கவே பின்னர்க் குலுக்கல் வந்தது. 2015இல் 'ஹாமில்டன்' நாடகத்தார் 10 டாலர்க் குலுக்கல் நடத்தினர். அந்நாட்டு 10 டாலர் நோட்டில் இருப்பது ஹாமில்டனின் உருவமே. இந்நாளில் குலுக்கல் பெரும்பாலும் கைபேசி வழியே நடைபெறுகிறது. நம் பெரியோர்க்கு வரிசையே ஏற்றது என்பது என் கருத்து. ரேஷன் கடையில் நின்று பழகிய கால்களுக்கு அது புதிதன்று. அதில் அதிர்ஷ்டத்திற்கும் வேலையில்லை.

சலுகைச் சீட்டில் போவது கௌரவக் குறைவு என்று பிள்ளைகள் சிலர் கருதுவதாகக் கேள்வி. கிட்டப்பாவின் பாட்டைத் தரைச் சீட்டு வாங்கிக் கேட்ட குடும்பங்களின் வழிவந்தவர்க்கு இக்கூச்சம் எங்கிருந்து வந்ததோ! நம் நாடக மேடையும் பாட்டால் வளர்ந்ததே.

தள்ளிப்போடுவதும் தகாது. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2004 ஏப்ரலில் பிராட்வேயில் தொடங்கி, 2005 சனவரி முதல் நாளோடு முடிந்துவிட்டது. அடுத்த முறை பார்க்கலாம் என்றிருந்த நம்மவர்க்கு அங்கே அடுத்த முறை வாய்க்கவில்லை.

தம்பதியராகச் செல்வோர்க்கு ஒரு செய்தி. 2011 முதல் நடைபெற்றுவரும் 'பிராட்வே வாரம்' என்னும் ஏற்பாட்டின்படி, குளிர்காலத்திலும் செப்டம்பரை ஒட்டியும் பல நாடகங்களுக்கு ஒரு சீட்டின் விலைக்கு இரண்டு கிடைக்கும். ஆங்கிலப் பாட்டுகள் விரைந்து செல்வனவாதலின், கதையை முன்னதாகவே படித்துவிடுக. கம்பளிச் சட்டையை மறவற்க. புதன்கிழமைப் பகல் ஆட்டத்திற்குச் சீட்டெடுத்தால், இரவுச் சாப்பாட்டு வேளைக்குள் வீடு வந்து சேரலாம்.